அருளப்பன் அறுத்த கயிறு

காலை ஷிப்ட் முடியும் நேரத்தில் நம் லைன் வீடுகளிலிருந்து மாணிக்கம் வந்து ஆபீஸ் ஜன்னலில் நின்றார். “அருளப்பன் பூட்டாருங்க” என்றார். தராசில் இருந்த கல்லை நிறுத்து முடித்தேன். பிறகு அடுத்த கல்லை எடுத்தேன். இதுவரை எனக்கு அழுகை வரவில்லை. மாரிகுப்பத்தில் அவரை அறிந்த உங்களிடம் அதை ஒளிக்க விரும்பவில்லை.

சுரங்கத்துக் கல்லைச் சோதிக்கும் அந்த ஆபீசில் எனக்கும் அவருக்கும் ஒரே மேசை. கல்லை வறுக்கும்போது சில நாள் பூண்டு வாசனை அடிக்கும். எனக்குப் பசி கிளம்பும். “சமையல் இல்லப்பா, பாஷாணம். எழுந்து வெளிய போ” என்று விரட்டுவார்.

நம் லைனுக்குக் கிணறு வெட்டியது நினைவிருக்கும். வெட்டியவர்கள் எல்லாரும் சுரங்கத்து ஆட்கள். வேறு ஊர்க்காரர்கள் மண்ணைப் பார்த்து வெட்டுவார்கள். நமக்குப் பாறையைப் பார்த்துத்தான் பழக்கம். பாறைக்குள் வெள்ளியாக மினுங்கி ஓடும் ரேகை வழியேதான் தண்ணீர் கசியும் என்று அதைப் பிடித்தே வெடிவைத்து இறங்கினோம். தெளிந்த, குளிர்ந்த தண்ணீர் வந்தது. அதன்பின் ஏரியின் கலங்கல் தண்ணீரை யாரும் சீண்டவில்லை.

சில வருடங்களில் உள்ளங்கைகள் காய்த்துத் தடித்தன. கடப்பாரை பிடித்த கை என்றோம். கடப்பாரையே பிடிக்காத பெண்களுக்கும் வந்ததும், கிணற்றில் யாரோ விஷ மருந்து போட்டதாகப் பேச்சு கிளம்பியது. புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தை அடிக்கவே போய்விட்டார்கள்.

அருளப்பன் ஒரு குடம் தண்ணீரை ஆபீசில் சுண்டக் காய்ச்சினார். துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, எழுந்த ஆவியைக் கொளுத்தி, சுடரில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைப் பிடித்தார். பாஷாணம் இருந்தால் மட்டும் படியும் கறை, கறுப்பாக, பளபளவென்று படிந்தது. தட்டோடு கிணற்றடிக்கு வந்தார்.

“எவனும் எதுவும் போடல. நாங்க வறுக்கிற கல்லுல இருக்கிற அதே பாஷாணம் பாறையில இருந்து கரைஞ்சு வருது. காய்ச்சினாலும் போவாது. ஏரித் தண்ணிய வடிகட்டிக் காய்ச்சிக் குடிங்க.”

“அந்த ரேகையப் புடிச்சி வெட்டச் சொன்னது யாருப்பா?” என்று ஒருவர் கேட்டார்.

அருளப்பன் என் பக்கம் திரும்பவேயில்லை. “பாறைக்குள்ள இன்னா இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? வுடுங்க” என்றார்.

அன்றே வாளிக் கயிற்றை அறுத்தார். மறுநாள் புதுக் கயிறு தொங்கியது. அவர் அறுக்க, நாம் கட்ட, அப்படியே போனது. தெளிந்த தண்ணீரை விட்டுச் சேற்றைக் குடிக்கச் சொல்கிறார் என்று கேலி பேசினோம். நானும் சிரித்தேன். அவர் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தியிருந்தார். முன்பு குடித்தது அவர் உடம்பை விடவில்லை.

அடக்கம் முடிந்ததும் நமக்கெல்லாம் சொம்பில் தண்ணீர் தந்தார்களே, அதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். குடித்தேன். பழக்கத்தில் குடித்துவிட்டேன்.

கறை படிந்த தட்டை அவர் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டார். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுவும், அன்று அவர் சொல்லாமல் விட்ட என் பெயரும். அந்த ரேகையைப் பிடித்து வெட்டச் சொன்னவன் நான். இன்று காலை கயிற்றை அறுத்தவனும் நான்தான். தயவுசெய்து மறுபடி கட்டாதீர்கள்.