றொசானா கதிரையை இழுத்துப்போட்ட நாள்

தொலைபேசி அழைப்பு வந்தபோது றொசானா மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தலைமன்னார் பியர் றோட்டால் நடந்து வந்துகொண்டிருந்தாள். பேசியது ஒரு தொண்டு நிறுவனம். தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரைக்கும் கலைந்து கிடக்கிற பெண்கள் குழுக்களைத் திரும்பச் சேர்த்தெடுக்க அவர்களுக்கு ஓர் இணைப்பாளர் தேவை. அவளுடைய விண்ணப்பத்தை எடுத்திருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை மன்னார் ரவுணில் நேர்முகத்தேர்வு. கேள்வி கேட்க முன்னம் பத்து நிமிடம் ஒரு பிரசன்ரேசன் செய்து காட்டவேண்டும்.

"தமிழிலை செய்யலாமோ மிஸ்?" என்று றொசானா கேட்டாள்.

"தமிழிலைதான். உங்கட சனத்தோடதானே வேலை."

அந்தப் பதிலில் வந்த தெம்பு வீட்டுப் படலை வரைக்கும்தான் இருந்தது. படலையைத் திறக்கும்போதே, வரவில்லையென்று சொல்லிவிடலாமோ என்று யோசித்தாள்.

இதே வேலையை ஒருகாலம் செய்தவள்தான் அவள். உயர்தரம் முடித்து, டிப்ளோமா ஒன்றும் படித்து, இன்னொரு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தாள். அவர்கள் குடும்பத்தில் உத்தியோகம் பார்த்த முதல் ஆள். அக்கா மாக்கிறட் பத்தாம் வகுப்போடு தையல் மெசினுக்கு முன்னால் இருந்துவிட்டவள். காலையில் றொசானா ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டால், மூலை திரும்பும் வரைக்கும் அக்கா தெருவில் நிற்பது பக்கக் கண்ணாடியில் தெரியும். வலையிலிருந்து நண்டு கழற்றுகிற பெண்கள், கருவாடு போடுகிற பெண்கள் என்று றொசானாவுக்குக் கரையெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். பாப்பாமோட்டையில் வயலுக்குப் போகிறவர்கள்கூட மோட்டார் சைக்கிளை மறித்துக் கதைப்பார்கள்.

பிறகு, கடற்றொழிலுக்குப் போகிற நிறோஜனைக் கட்டினாள். மகள் மதுஷிகா இதயத்தில் ஓட்டையோடு பிறந்தாள். கொழும்புக்கும் மன்னாருக்குமாக அலைந்த நாட்களில் வேலை போனது. பிள்ளை தேறி எழும்பினதும் நிறோஜனின் தாய் அன்ரோனெற் மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. இப்போது பிள்ளை ஓடித் திரிகிறாள். மாமியும் பொல்லைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் நடக்கிறார். ஆனால் இடையில் ஏழு வருடம் கழிந்துவிட்டது. விண்ணப்பத்தில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. அதைக் கேட்டால் என்ன சொல்வது என்று நினைக்கும்போதெல்லாம் றொசானாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிறோஜன் சிநேகிதன் ஒருவனிடம் லப்டொப் இரவல் வாங்கி வந்தான். றொசானா இருந்து சிலைட்டுகளைச் செய்தாள். மாக்கிறட் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு, சட்டைக்கு மடிப்பு வைக்கிற கண்ணால் ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

"இந்த வரி மற்றதைவிட உள்ளுக்கை நிக்குது."

"ஆர் அக்கா அதைப் பாக்கப்போகினம்?"

"நான் பாத்திட்டன். இழுத்து விடு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்த பிறகு வீட்டுக்குள்ளேயே செய்து பார்த்தார்கள். அரிசி ரின்னின் மேல் லப்டொப்பை வைத்து, அதன் பக்கத்தில் றொசானா எழும்பி நின்றாள். மாக்கிறட்டும் நிறோஜனும் எதிரே மர வாங்கில் பக்கத்துப் பக்கமாக இருந்தார்கள். மாமி தன்னுடைய சாய்மானக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். றொசானா முதல் சிலைட்டைத் தொடக்கம் முதல் கடைசி வரைக்கும் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. முடிந்ததும் மூச்சை இழுத்துத் தலையைக் குனிந்து கொஞ்சம் நிறுத்தினாள்.

"இறைவா உமக்கு நன்றி" என்றார் மாமி, கண்ணைத் திறக்காமலேயே.

நிறோஜனுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"மாமி, இது கோவில் இல்லை" என்றாள் றொசானா.

"நீ வாசிச்சு முடிச்சனியோ இல்லையோ? முடிச்சாப் பதில் சொல்லத்தானே வேணும்."

"நான் எழும்பிக் காணிக்கை எடுக்கட்டோ?" என்று நிறோஜன் கேட்டான்.

றொசானா அவனை முறைத்துவிட்டு அடுத்த சிலைட்டுக்குப் போனாள். ஆனால் இப்போது அவளுக்கே அது கேட்டது. கருவாட்டுக் குழுவைப் பற்றிய வரிகள் தீர்க்கதரிசி ஒருவர் ஊருக்குச் சொல்லியனுப்பிய செய்தியைப்போல ஏறி ஏறி இறங்கின. வேலையை விட்ட பிறகு ஆட்களுக்கு முன்னால் அவள் எழும்பி நின்றது கோவிலில் மட்டும்தான். குரல் நன்றாக இருக்கிறதென்று பாதர் பிடித்துவிட்டதால், மாதத்தில் இரண்டு ஞாயிறு பூசையில் வேதாகமத்திலிருந்து வாசிக்கிற முதலாம் வாசகம் அவளுடையது. நின்றால் அந்தக் குரல்தான் வந்தது.

மாக்கிறட் சிரிக்கவில்லை. "நீ கதைக்கேல்லை. வாசிக்கிறாய்" என்றாள்.

"எழுதிக் கிடக்கிறதை வாசிக்காம என்ன செய்யிறது?"

"அப்ப எழுத்தை எடுத்துவிடு."

எழுத்தையெல்லாம் எடுத்துப் படங்களை மட்டும் விட்டார்கள். மாக்கிறட் வரிவரியாக நேராக்கியதெல்லாம் போனது. திங்கட்கிழமை செய்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். றொசானாவுக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. எழுத்தில்லாமலே அச்சொட்டாக அதே இராகத்தில் ஒப்புவித்தாள். செவ்வாய்க்கிழமை கடலால் வந்த நிறோஜன் முற்றத்தில் நின்று கேட்டுவிட்டு, "பாதருக்குத் தெரிஞ்சா ரெண்டாம் வாசகத்தையும் உன்னட்டைத் தந்திடுவார்" என்றான்.

றொசானா லப்டொப்பைப் பட்டென்று மூடினாள். "நான் போகேல்லை. வரேல்லை எண்டு ஃபோன் எடுத்துச் சொல்லப்போறன்."

நிறோஜன் மெல்லக் கிணற்றடிக்கு நழுவினான். மாக்கிறட் தங்கையைத் தேற்றவில்லை. "முந்தி உன்னோட வேலை செய்த சிலாவத்துறைப் பிள்ளை, நசீறா. அவவின்ர நம்பர் இருக்கோ?"

"இருக்கு. எத்தினை வருசம் நான் ஒரு ஃபோன் எடுக்கேல்லை. இப்ப என்னெண்டு எடுக்கிறது?"

"நீ எடுக்கவேண்டாம். தா."

மாக்கிறட்டே எடுத்து, ஆரென்று சொல்லி, ஃபோனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தாள்.

"றொசானாவா? உசிரோட இருக்கியா புள்ள?" என்றது நசீறாவின் குரல். "நாங்க மௌத்தாப் போனாலும் தலைமன்னாருக்குத் தகவல் வராது போல."

"ராத்தா, கோவிக்காதைங்கோ."

"கோவிக்கிறதுக்கு நேரில வா. இப்ப விசயத்தைச் சொல்லு."

றொசானா சொன்னாள். பிறகு, செய்யப்போவதைச் சொல்லிக் காட்டு என்று நசீறா கேட்டதும் தானாகவே எழும்பி நின்று முதல் படத்துக்கான பேச்சையும் சொல்லிக் காட்டினாள்.

"புள்ள, நீ நிண்டுக்கிட்டா பேசுற?"

"ஓம் ராத்தா."

"எதுக்கு? நாம எந்தக் கூட்டத்தில நிண்டு பேசின? பாயைப் போட்டு வட்டமா இருந்துதானே எல்லாம். ஒருத்தி நிண்டா மத்தவள் எல்லாம் வாயைப் பொத்திக்கிடுவாள் எண்டு எனக்குச் சொல்லித் தந்ததே நீதானே."

அது உண்மைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் றொசானா தானாகப் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. மேலதிகாரிகள் வந்தாலும் அவர்களையும் பாயில்தான் இருத்துவாள். ஏழு வருடத்தில் அது எங்கேயோ கழன்றுபோயிருந்தது.

மாக்கிறட் உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து விரித்தாள். றொசானா லப்டொப்பை ஒரு பலகைக்கட்டையில் வைத்துக்கொண்டு சப்பாணி கட்டி இருந்தாள். படத்தைக் காட்டி, இந்தப் பெண்கள் ஏன் கலைந்தார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். மழைக்குக் கருவாடு பழுதானதைச் சொல்லும்போது மாமி குறுக்கே வந்தார்.

"தகரம் போட்டுக் காயவைச்சா என்ன?"

"தகரத்துக்குக் கீழை காத்து வராது மாமி. புழு வைச்சிடும்."

"என்ர அம்மா போட்டவ."

"எந்த மாசத்திலை போட்டவ? வெயிலிலைதானே?"

அதில் பிடித்த பேச்சு விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் போனது. நசீறா ஃபோனிலிருந்தபடி இரண்டு பக்கத்தையும் கிண்டிவிட்டாள். மாமி தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை.

"இப்ப சரி" என்றாள் மாக்கிறட். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் இரண்டு நாளாக இறுகியிருந்த முகம் தளர்ந்துவிட்டது.

"அங்க போய்ப் பாயை விரிக்கச் சொல்லுறதோ அக்கா?"

"கதிரை இருக்கும்தானே. இருந்து கதைக்கட்டோ எண்டு கேள். கேட்டா அடிக்கவே போகினம்?"

வியாழக்கிழமை மாக்கிறட்டும் பஸ்ஸில் கூட வந்தாள். படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு, அது பழுதானால் என்று இன்னொன்றிலும் போட்டு, இரண்டையும் தன்னுடைய கைப்பையில் வைத்திருந்தாள். நிறுவனத்தின் கேற் வரைக்கும் வந்து, அவற்றைத் தங்கையின் கையில் கொடுத்து, சேலை மடிப்பை ஒருதரம் இழுத்துவிட்டு, வெளியே வேம்பு நிழலில் நின்றுகொண்டாள்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஃபோனில் பேசிய பெண்தான் பொறுப்பாளர். ஒருவர் கொழும்பிலிருந்து வந்தவர். மூன்றாமவர் அப்துல் ஹமீட், முசலிப் பக்கம் மீனவர் சங்கமொன்றில் தலைவராக இருந்தவர், இப்போது ஆலோசகர். எதிரே சுவரில் பெரிய திரை. அதன் பக்கத்தில் நிற்கும்படி காட்டினார்கள்.

மேசையிலிருந்த அவர்களுடைய லப்டொப்பில் பென்டிரைவைச் செருகியதும், நண்டு வலையைச் சுற்றிப் பெண்கள் இருக்கிற படம் திரையில் விழுந்தது. "தலைமன்னார்க் கரையோரத்தில் வாழும் பெண்கள்" என்று றொசானா தொடங்கினாள். அந்த ஒரு வரியிலேயே கோவில் வந்து நின்றது. கொழும்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பக்தியோடு கேட்கத் தயாரானார்.

றொசானா நிறுத்தினாள். "மன்னிக்கோணும். நான் இருந்துகொண்டு கதைக்கலாமோ?"

"சுகமில்லையோ?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"சுகமாத்தான் இருக்கிறன் மிஸ். குழுக் கூட்டத்திலை நான் நிக்கிறேல்லை. நிண்டா மற்ற ஆக்கள் கதைக்கமாட்டினம். உங்களுக்கும் அப்பிடியே செய்து காட்டலாம் எண்டு பாக்கிறன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்துல் ஹமீட் தன்னுடைய கோப்புகளை ஒதுக்கி மேசை மூலையில் இடம் விட்டார். றொசானா சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு, அவர்களோடு அவர்களாக இருந்து, லப்டொப்பைத் தங்கள் நடுவே திருப்பிவைத்தாள்.

"இந்தச் சிவப்புச் சட்டைக்காரி இருக்கிறாவெல்லோ, குழுவை முதல் விட்டது இவதான். ஏன் எண்டு நினைக்கிறியள்?"

கொழும்புக்காரர் கையை அவிழ்த்துக்கொண்டு குனிந்து படத்தைப் பார்த்தார். "விலை காணாதோ?"

"விலை இல்லை சேர். கூட்ட நேரம். படகு கரைக்கு வாற நேரத்திலை கூட்டம் வைச்சா, நண்டை ஆர் கழட்டுறது?"

"எங்கட பக்கம் வெள்ளிக்கிழமை கூட்டம் வைப்பீங்களா?" என்று அப்துல் ஹமீட் கொக்கி போட்டார்.

"வைக்கமாட்டன். உங்கட பக்கம் செவ்வாய். நோன்பு மாசத்திலை கூட்டமே இல்லை, வீடு வீடாப் போய்ப் பாப்பன்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு ஆளுக்கு ஆள் கேட்டார்கள், றொசானா சொன்னாள், சில இடங்களில் மறுத்தாள். பத்து நிமிடம் எப்போது முடிந்ததென்று ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் பொறுப்பாளர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "இடையிலை ஏழு வருசம் வேலை செய்யேல்லைப் போல?"

"இல்லை மிஸ். மகளுக்கு இதயத்திலை ஒப்பரேசன். பிறகு மாமிக்குப் பாரிசவாதம். ரெண்டு பேருக்கும் இப்ப சுகம்."

இன்னும் சொல்வதற்கு அவள் நிறைய வைத்திருந்தாள். பொறுப்பாளர் தலையை ஆட்டி ஏதோ சின்னதாகக் குறித்துக்கொண்டார்.

"மோட்டார் சைக்கிள் லைசன் இருக்கோ?"

"இருக்கு."

"இப்பவும் ஓடுவீங்களோ? தூரம் கூட."

"மனுசன்ர மீன் பெட்டியைப் பின்னாலை கட்டிக்கொண்டு கிழமைக்கு ரெண்டு நாள் இஞ்சை ரவுணுக்கு ஓடி வாறனான் மிஸ்."

வெளியே மாக்கிறட் அதே நிழலில் அப்படியே நின்றாள். "ஏழு வருசத்தைக் கேட்டவையோ?"

"கேட்டவை."

"என்ன சொன்னனீ?"

"உள்ளதைச் சொன்னன்."

"பிறகு?"

"பிறகு மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டவை."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அக்கா."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் சாப்பாடு இறங்காமல் பண்ணிய கேள்வி, லைசனுக்கு முன்னால் ஒரு மூச்சில் முடிந்துபோயிருந்தது. பஸ் ஸ்ராண்டுக் கடையில் றோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்தார்கள். றொசானா இரண்டு றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, அக்காவின் பீங்கானில் இருந்த பாதியையும் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அழைப்பு வந்தது. முதலாம் திகதி வேலைக்கு வரட்டாம், முதல் கூட்டம் சிலாவத்துறையிலாம். றொசானா ஃபோனை வைத்துவிட்டுக் குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டாள்.

"ஆர் ஃபோனிலை?" என்று உள்ளேயிருந்து மாமி கேட்டார்.

"வேலை கிடைச்சிட்டுது மாமி."

மாமி குருசு போட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப என்னை ஆர் பாக்கிறது?" என்றார்.

"பகலிலை அக்கா வந்து இருக்கிறா எண்டவ. பின்னேரம் நான் வந்திடுவன்."

மாமி அதை நன்றாக யோசித்துப் பார்த்தார்.

"மாக்கிறட் வந்தா நல்லம். அவ கறிக்குப் புளி அளவாப் போடுவா."

றொசானா சிரித்துக்கொண்டே எழும்பி, அடுப்பில் கிடந்த கறியைத் துழாவினாள். அன்றைக்கு ஆர் எதைச் சொன்னாலும் அவளுக்குக் கோபம் வருவதாக இல்லை.