சிவப்பு டின் கீழே வந்தால்

சிவப்பு பெயின்ட் அடித்த பால்பவுடர் டின் அது. உள்ளே பாதிக்கு மேல் மணல். மூடியைத் துளைத்து ஒரு நைலான் கயிறு. எண்பதுகளில் திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் நான் மோட்டார் போடும் வேலையில் இருந்தேன். அங்கே பெண்கள் விடுதி மாடியில், தண்ணீர்த் தொட்டியின் வெளிச்சுவரை ஒட்டி அந்த டின் தொங்கியது. நான் பயந்த பொருட்களுக்குப் பட்டியல் போட்டால் கொஞ்சம் நீளமாகவே போகும். அதில் இந்த டின்னுக்கு நல்ல இடம் உண்டு.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பயம் மட்டும் கூடவே வளர்ந்தது. கதவைப் பூட்டி நாலு எட்டு வைத்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். விடுதியில் பெரிய பயம் ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பெண்ணாவது முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிடக் கூடாது. அதனால் தொட்டி நிறைந்து வழியும் வரை மோட்டாரை ஓடவிடுவேன். வழிந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணி நேரம் கூடுதலாக ஓடும். வழியும் தண்ணீர் சமையலறைக்குப் பின்னால், சமையல்கார அக்கா வைத்திருந்த வாழைகள் மேல் சடசடவென்று விழும். எனக்கு அந்தச் சத்தம்தான் கணக்கு. அக்காவுக்கோ வாழை கொழுத்தது. இதில் யாருக்கும் குறையில்லை.

அந்தக் கோடையில் கரண்ட் பற்றாக்குறை. கல்லூரி முழுவதும் மின்சாரத்தைக் குறைத்தாக வேண்டும் என்று கடிதம் வந்தது. அடுத்த முறை மீட்டர் பார்க்க வருவதற்குள் குறையாவிட்டால், விடுதியின் படிப்புக் கூடத்தில் சாயங்கால விளக்கை நிறுத்தப் போவதாக முதல்வர் சொல்லிவிட்டார். பரீட்சை நெருங்கிய நேரம். மேல்மலையனூர், அனந்தபுரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வந்து, வீட்டிலேயே முதல்முறையாகக் கல்லூரிப் படியேறிய பெண்கள் பாதிப்பேர். முகம் வாடிப்போனார்கள்.

அப்போது முன்னால் வந்தவர் இயற்பியல் மேடம். விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னை ‘மோட்டாரண்ணே’ என்பார். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு கட்டிடம் கட்டிடமாகப் போய், ஆள் இல்லாத வகுப்பில் சுற்றும் ஃபேனையெல்லாம் நிறுத்தினார். பகலில் எரிந்த வராந்தா விளக்குகளை அணைத்தார். கடைசியில் என் மோட்டார் அறை வாசலில் வந்து நின்று, வாழையில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் திட்டவில்லை. “பயப்படறது தப்பில்ல மோட்டாரண்ணே. அந்தப் பயத்துக்கு ஒரு அளவுகோல் வச்சிடுவோம்” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அளவுகோல் வந்தது. டின்னைவிடக் கனமாக இருக்கட்டும் என்று பாதி தண்ணீர் ஊற்றி மூடிய பிளாஸ்டிக் கேன் ஒன்று தொட்டிக்குள் மிதந்தது. அதில் கட்டிய கயிறு விளிம்பில் இருந்த கப்பி வழியாக வெளியே வந்து டின்னைத் தாங்கியது. மாணவிகள் சுவரில் கோடு போட்டு எழுதினார்கள். ‘காலி’ என்று காட்டும்போது மட்டும் மோட்டார் போடுங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் ரயிலுக்கு ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப் பார்த்தால் எனக்குத் திக்கென்றது. மேலே ‘காலி’, கீழே ‘நிறைவு’ என்று எழுதியிருந்தது. உலகத்தில் எந்தப் பாத்திரம் கீழே நிறையும்? அவசரத்தில் பிள்ளைகள் மாற்றி எழுதிவிட்டார்கள், முதல்வர் பார்த்தால் மேடத்துக்கு அவமானம் என்று என் மனம் அடித்துக்கொண்டது. சுண்ணாம்பு கொண்டுவந்து அழித்து, மேலே ‘நிறைவு’, கீழே ‘காலி’ என்று என் கையால் எழுதினேன். டின் அப்போது இரண்டுக்கும் நடுவில் நின்றதால் மோட்டாரைத் தொடவில்லை. அன்று பகல் முழுக்கப் பெண்கள் குளித்தார்கள், துவைத்தார்கள். டின்னோ மெல்ல மெல்ல மேலே ஏறியது. மோட்டார் போடாமலே தொட்டி நிறைகிறதே என்று வியந்தேன். இயற்பியல் என்றால் சும்மாவா!

திங்கட்கிழமை காலையில் டின் ‘நிறைவில்’ நின்றது. கரண்டை மிச்சம் பிடித்த பெருமையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். விடுதியில் கூச்சல் கிளம்பியது. குளியலறை ஜன்னலில் சோப்பு நுரையோடு ஒரு முகம். நான் வாழ்நாளெல்லாம் பயந்த அதே முகம். பாதி கழுவிய அரிசியோடு அக்கா வந்து நின்றார்.

“இன்னாய்யா மோட்டாரு, செவுத்துல ரொம்பிச்சுன்னு எழுதி வச்சிக்கினு கீற, கொழாயில காத்துதான் வருது. காத்துல சோறாக்கட்டுமா?”

ஒன்பது மணிக்கு மேடம் வந்து சுவரைப் பார்த்தார். யார் மாற்றியது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்றார். “நீங்க முதல்வர்கிட்ட பேச்சு வாங்கக் கூடாதுன்னு பயந்துட்டேங்க.”

அவர் முகத்தில் கோபம் வரப் பார்த்து, சிரிப்பாக மாறிவிட்டது. “ஊருல ஒரே கயித்துல ரெண்டு குடம் கட்டித் தண்ணி எறைச்சிருக்கீங்களா?”

எத்தனையோ நாள் இறைத்திருக்கிறேன். ஒன்று மேலே வர, மற்றது கீழே போகும். சொல்லும்போதே விளங்கிவிட்டது: கேன் ஏறினால் டின் இறங்கும். வெட்கத்தில் சுண்ணாம்பு வாளியைத் தேடினேன். முதல்வர் அறைக்கு மேடம் போனார். விளக்கம் சொல்லாமல் ரயிலுக்கு ஓடியது தன் தவறு என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு பழைய பயம் முழுவதையும் அந்த டின் மேலேயே வைத்தேன். கீழ்க்கோட்டைத் தொட்ட நிமிஷமே மோட்டாரை நிறுத்துவேன். வாழைக்குத் தண்ணீர் நின்றது என்று அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அரிசி கழுவும் தண்ணீருக்கு மேடம் வாய்க்கால் வெட்டிக் கொடுத்த பிறகுதான் சமாதானம் ஆனார். மீட்டர் பார்க்க ஆள் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. அவர் எழுதிய எண்ணைப் பார்த்த மேடம் மாடியைக் காட்டித் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமும் படிப்புக் கூடத்தில் விளக்கு எரிந்தது. வராந்தாவில் நின்று நன்றாகப் பார்த்தேன். எரிகிறதா என்று உறுதி செய்ய இன்னொரு தரமும் போய்ப் பார்த்தேன்.

இப்போது விழுப்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நின்றுவிடும் கருவியை அவன் மாட்டியிருக்கிறான். நம்பிக்கை இல்லாமல் நானும் மொட்டை மாடியில் ஒரு பால்பவுடர் டின்னைக் கட்டி, சிவப்படித்து, கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் துணி காயப்போட வந்த மருமகள் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, மேல காலி, கீழ நிறைவுன்னு தலைகீழா எழுதிக்கீறீங்களே, மாத்தி எழுதிடட்டுமா?” என்றாள்.

“மூஞ்சில சோப்பு போட்டுக்கினு நிக்க ஆசையா இருந்தா மாத்தும்மா” என்றேன்.