இன்கிரீஸ் என்றால் ஓடு

போன மாதம் வயிற்றுப் பிள்ளைக்கு எடை கூடவில்லை என்றார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இந்த முறை ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "நல்லா இன்கிரீஸ் ஆயிருக்கு" என்றார். நான் பதறி எழுந்து வாசலைத் தேடினேன். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அந்தச் சொல்லைப் பழக்கியது பட்டாசு ஆலைதான். போர்மேன் "வெக்கை இன்கிரீஸ்!" என்று கத்தினால், மருந்து வெடிப்பதற்குள் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடிவிட வேண்டும்.

"எங்கன ஓடுறீக? பிள்ளை எடைதான் கூடியிருக்கு. படுங்க தாயி!" என்று நர்ஸ் சிரித்தார்.

படுத்தேன். மேலே மின்விசிறி வெள்ளைப் பூவாகச் சுற்றியது. நல்லதற்கும் அந்தச் சொல்லைச் சொல்வார்களாம். வயிற்றுக்குக் கேட்கும்படி மெல்லச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே பிள்ளை புரண்டு படுத்தது.