நெடுங்காட்டு நெல்லும் என் ரியல் வெதரும்

போன வாரம் என் தங்கச்சியின் நெல்லை நனைக்கப் பார்த்தேன். நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

விஷயத்துக்கு வருமுன் புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. (பழையவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். என் பெருமையை நிறையக் கேட்டாயிற்று.) நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லாரி கிளீனர், டிரைவர், அப்புறம் சொந்த லாரி, அப்புறம் ஷெட் நிறைய லாரி. இப்போது எல்லாவற்றையும் விற்றுவிட்டு, தலத்தெரு வீட்டு முன்னறையில் விமானம் ஓட்டுகிறேன்.

ஆமாம், விமானம்!

கம்ப்யூட்டரில்தான். ஆனால் அதை 'கேம்' என்று சொல்லிப் பாருங்கள்... என் வீட்டில் உங்களுக்குக் காபி கிடைக்காது. பெரிய பெரிய திரைகள், கைக்கு ஸ்டீரிங், காலுக்குப் பெடல். படித்தவர்கள் தடவித் தடவிப் படிக்கிற மீட்டரை எல்லாம் நான் பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். லாரி டாஷ்போர்டைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண் அல்லவா?

இதில் ஆட்-ஆன் என்று ஒன்று உண்டு. என்னவென்று கேட்பீர்கள். லாரி வாங்கினால் கம்பெனி என்ன கொடுக்கும்? சேஸிஸ் கொடுக்கும். பாடி கட்டுவது, ஹாரன் வைப்பது, கண்ணாடிக்கு மேலே சாமி படம் எழுதுவது எல்லாம் நம் பாடு. இங்கேயும் அப்படியே. புது விமானம், புது சத்தம், புது ஊர் – ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஊர் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் முதலாக நம்ம காரைக்கால் மேலே பறந்தேனே, வயிறு எரிந்துபோயிற்று. கலங்கரை விளக்கத்தைக் காணோம். அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் பச்சைச் சாயம் கொட்டினமாதிரி ஒரு கறை. பனைமரம் நிற்க வேண்டிய இடத்தில் ஏதோ குளிர்தேசத்து ஊசிமரம்! இது என் ஊரா?

விடுவேனா? இந்த மாதிரி ஊர்களை வரைந்து சும்மாவே கொடுக்கிற ஒரு ஃபின்லாந்துக்காரரைப் பிடித்தேன். நான் தமிழில் பேச, ஃபோன் அதை இங்கிலீஷ் ஆக்க, அவருக்குப் போகும். மூலை முடுக்கெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு நாள் அந்த மனுஷன் கேட்டார்: "அறுப்பு முடிந்ததும் உங்கள் வயல் என்ன நிறமாக இருக்கும்?" சொன்னால் நம்புங்கள், கண் கலங்கிவிட்டது. இந்தக் கேள்வியை என் சொந்தக்காரன் ஒருத்தன்கூடக் கேட்டதில்லை.

கலங்கரை விளக்கம் வந்தது. பனை வந்தது. பூவத்துக்குப் பக்கத்தில், என் ஆசைக்காக, மண்ணில் ஒரு சின்ன ஓடுதளமும் வந்தது. நிஜத்தில் காரைக்காலில் விமானம் இறங்க இடமேது? என் திரையில் உண்டு. ஓரத்தில் கம்பம் நட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிற துணிப்பைகூட மாட்டியிருக்கிறார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. ரியல் வெதர். அதைப் போட்டுவிட்டால், வெளியே இருக்கிற வானம் இன்டர்நெட் வழியாக என் திரைக்கு வந்துவிடும். திருச்சியில் பனி என்றால் எனக்கும் பனி. காரைக்காலில் தூறினால் என் விமானத்துக் கண்ணாடியிலும் தூறல். போன ஐப்பசியில் என் தங்கச்சி மல்லிகாவுக்கு ரெண்டு மூன்று தடவை இதைப் பார்த்துத்தான் சொன்னேன் – "மத்தியானம் வரைக்கும் வராது, உரம் போட்டுக்க." வரவில்லை. அவ்வளவுதான், அவள் ஊர் நெடுங்காடு முழுக்க என் பேர் 'ஏரோப்ளேன் அண்ணன்'. ஃபோனிலேயே மழை காட்டுகிறதே, உன்னை எதற்குக் கேட்கிறார்கள் என்று சிலருக்குப் பொறாமை. இருக்கட்டும்.

மல்லிகாவுக்கு இந்த சம்பா எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். என் மச்சான் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு கட்டிலோடு இருக்கிறார். நாற்று விட்டதிலிருந்து, முறைவைத்து வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சி, அறுப்பு மெஷின் பிடித்து நெல்லை ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததுவரை எல்லாம் அவள் ஒருத்தி. இனி காயவேண்டியதுதான் பாக்கி. ஈரம் இருந்தால் கொள்முதல்காரர்கள் எடுக்கமாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததா?

காலையில் ஃபோன் அடித்தாள்.

"அண்ணே, பரப்பலாமா? பக்கத்துக் கொல்லைக்காரங்க யோசிக்கிறாங்க."

திரையைப் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி வானம், ஒரு பொட்டு மேகமில்லை.

"அவங்க யோசிக்கட்டும். நீ கொட்டு."

கொட்டிவிட்டாள். நெடுங்காடு ரோட்டில் பாதி அகலத்துக்கு, கண்ணுக்கெட்டிய வரை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திருச்சியில் கிளம்பிப் பூவத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். முக்கியமான நேரம். சரோஜா – என் வீட்டுக்காரி – உள்ளே வந்தாள்.

"என்னங்க, மாடியில துணியெல்லாம் பறக்குது. போய் எடுத்துட்டு வாங்க."

"மழையெல்லாம் வராது. இங்க பாரு வானத்த!"

"உங்க வானம் இருக்கட்டும். என் புடவை பக்கத்து வீட்டு முருங்கையில தொங்குது."

சிரித்துக்கொண்டே திரும்பினேன். திரையில் ஓடுதளம் நெருங்குகிறது. கம்பத்தில் அந்தத் துணிப்பை... செத்த கோழி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்டமே இல்லை.

வெளியே புடவை பறக்கிற காற்று. உள்ளே பை அசையவில்லை. எப்படி?

வெதர் பொத்தானைத் தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்திருந்தார். காலேஜில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அவர் எதிரில் விமானம் ஆடாமல் அசையாமல் இறங்க வேண்டாமா? ரியல் வெதரை அணைத்தேன். காற்று பூஜ்யம், மேகம் பூஜ்யம். வெண்ணெய் மாதிரி இறக்கினேன். "பைலட்டே தோத்துடுவான் போங்க!" என்றார். அந்தக் குஷியில் மறுபடி போட மறந்துவிட்டேன். அன்றிலிருந்து என் திரையில் அடித்தது மொத்தமும் சம்பந்திக்காக நான் போட்ட வெயில்!

ரியல் வெதரைத் தட்டினேன். கடல் பக்கமிருந்து கருப்பு ஏறி வந்தது. கண்ணாடியில் சடசடவென்று மழை. விமானம் ஒரு குலுக்குக் குலுக்கி வயலுக்குள் போய் விழுந்தது. விழட்டும்! என் நெஞ்சு நெடுங்காட்டுக்குப் போய்விட்டது. மாடி ஏறிக் கிழக்கே பார்த்தேன். கடலுக்கு மேலே நிஜமாகவே மை பூசியிருந்தது. இங்கே இன்னும் வெயில்.

மல்லிகாவுக்கு அடித்தேன், அடித்தேன், எடுக்கவில்லை. நெல் கிளறுகிறவள் ஃபோனை எங்கே வைத்திருப்பாள்?

லாரிகளை விற்றபோது தார்ப்பாய்களை மட்டும் நான் விற்கவில்லை. சரோஜா அதற்காக என்னைத் திட்டாத தீபாவளி கிடையாது. அள்ளி, வீட்டுத் தேவைக்கென்று வைத்திருக்கிற குட்டி யானை வண்டியில் போட்டேன். வண்டியைக் கிளப்பும்போது பார்த்தால் பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ எங்க?"

"பேசாம ஓட்டுங்க."

முன்னால் வெயில். கண்ணாடியில், பின்னால், கருப்பு. இத்தனை வருஷம் ஸ்டீரிங் பிடித்ததில் ஒரு மேகத்தோடு ரேஸ் விட்டது அன்றைக்குத்தான்.

போய் இறங்கினால், மல்லிகாவும் ரெண்டு மூன்று பெண்களும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு சாவகாசமாக நடக்கிறார்கள்.

"மல்லிகா, அள்ளு! மழை வருது!"

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "காலைல வராதுன்ன?"

"காலைல வராதுன்னேன். இப்ப வருதுங்கறேன்!"

"ஏண்ணே, மழை உங்கிட்ட கேட்டுக்கிட்டா வருது?"

கூட இருந்த ஒரு பெரியம்மா குரல் கொடுத்தது. "ஏரோப்ளேனே தரைக்கு வந்துடுச்சு. எதுக்கும் அள்ளுடி!"

சரோஜா நெல் தள்ளுகிற பலகையை எடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். "நின்னு பேசாத மல்லிகா. என் புடவை போன வேகத்த நீ பாக்கல!"

தள்ளினோம். குவித்தோம். ஆள் போதவில்லை. காற்று தார்ப்பாயைப் பிடுங்குகிறது. அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது. அந்த டிரைவருக்கும் ரோட்டில் நெல் காயவைக்கிறவர்களுக்கும் வருஷா வருஷம் சண்டை. "ரோடு என்ன உங்க வீட்டுக் களமா?" என்று கத்தாமல் தாண்டமாட்டார்.

அவர் நெல்லைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

"எல்லாரும் இறங்குங்க சார். ஆளுக்கு ஒரு கை."

இறங்கினார்களே! கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கினவர் வேட்டி கட்டினவரோடு சேர்ந்து தார்ப்பாய் இழுத்தார். காலேஜ் பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு துடைப்பம் பிடித்தார்கள். நான் கயிறு கட்டினேன். தார்ப்பாய்க்குக் கயிறு கட்டுவதில் இந்த மாவட்டத்தில் என்னை அடிக்க ஆளில்லை – இது பெருமை இல்லை, உண்மை. கடைசி முடிச்சு விழவும் மழை விழவும் சரியாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் நனைந்தது, அவ்வளவுதான்.

எல்லாரும் பஸ்ஸுக்குள் ஏறி ஈரத்தோடு நின்றோம். மல்லிகா என் பக்கத்தில்.

"உண்மையச் சொல்லு. காலைல உன் பிளேன் வெயில்னுதான் காட்டிச்சா?"

என்ன சொல்ல? வானம் திடீரென்று மாறிவிட்டது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, சம்பந்தி கதையைச் சொன்னேன். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் திரும்பி, "அப்ப நான் வண்டிய நிறுத்தினது உங்க சம்பந்தியாலயா?" என்றார்.

மல்லிகா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாத்து விட்டதுலேருந்து நானே பாத்தது அண்ணே. நீ சொன்னேன்னுதான் கொட்டினேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை எங்கே வைப்பது?

வீட்டுக்கு வந்து ஃபின்லாந்துக்காரருக்குத்தான் முதலில் சொன்னேன். ஐயா, நீங்கள் மாட்டின துணிப்பை ஒரு குடும்பத்து நெல்லைக் காப்பாற்றியது, கோடி நன்றி என்று. நெல்லை ஏன் ரோட்டில் போடுகிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். போட்டோ அனுப்பினேன். அடுத்த தடவை அதையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பஸ் டிரைவருக்கும், பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட அந்தப் பயணிகளுக்கும் இந்தப் பத்தி வழியாக ஒரு கும்பிடு. நெல் காய்ந்தது. ஈரம் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். முருங்கையில் புடவையைத் தொலைத்த சரோஜாவுக்கும் ஒரு கும்பிடு... அதை வீட்டில் நேரிலேயே போட்டாயிற்று.

ஆனால், இத்தனைக்கும் மேலே நான் நன்றி சொல்ல வேண்டியது ஒரு ஃபோனுக்கு. நெல்லை மூடின மறுநாள் காலை. மழை விட்டிருந்தது. இனிமேல் இவள் என்னை எங்கே கேட்கப்போகிறாள் என்று கம்ப்யூட்டரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. அவளேதான்.

"அண்ணே, திரும்பப் பரப்பணும். உன் பிளேன்ல பாத்துச் சொல்லு."

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். "சொல்றேன்மா... இப்பவே பாத்துச் சொல்றேன்."

"சொல்லும்போது, அது நம்ம வானமா சம்பந்தி வானமான்னும் சேத்துச் சொல்லிடு!"