காலா, வண்டியா?

அந்த மெக்கானிக் பொய் சொல்லத் தெரியாதவன் ஒன்றுமில்லை. "நாளைக்கு சாயங்காலம் வண்டி ரெடி" என்று கூசாமல் சொல்வான். அவனுடைய நாளை வந்து சேர ஒரு வாரம் ஆகும். போனில் "வந்துகிட்டே இருக்கேன்" என்பான். அப்போதுதான் குளிக்கவே போயிருப்பான். ஆனால் வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டால் மட்டும் அவன் வாயில் உண்மையைத் தவிர வேறு எதுவும் வராது. அந்த ஒன்றை வைத்துத்தான் வாடிக்கைக்காரர்கள் அவனுடைய மற்ற அழும்பையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த ஒன்றுக்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. கொண்டுவந்தது அவனுடைய அக்கா.

அவனை வளர்த்ததே அக்காதான். அம்மா போனபோது அவன் ஒன்றாம் வகுப்பு, அவள் பள்ளி முடிக்கும் வயது. கல்யாணமாகிப் போகும்போது தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அங்கே யாராவது முகம் சுளித்திருந்தால் அவன் கதியே வேறாகியிருக்கும். அக்காவின் கணவர், அவனுக்கு மாமா, சுளிக்கவில்லை. வீட்டில் ஒரு தட்டு கூடியது, அவ்வளவுதான்.

மாமா வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஆபரேஷன் முடிந்து தையலோடு வீடு திரும்புகிறவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் அவரைத்தான் தேடிக் கூப்பிடுவார்கள். நாலாவது கியர், ஐம்பது கிலோமீட்டர் வேகம். அதற்கு மேல் யார் கெஞ்சினாலும் போகமாட்டார். "ஏண்ணே, இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேலி செய்தால் சிரித்துக்கொள்வார்.

மூன்று மாதத்துக்கு முன் சவரம் செய்துகொண்டிருந்தபோது ரேசர் கையிலிருந்து நழுவியது. பின்னாலேயே அவரும் விழுந்தார். வலது பக்கம் லேசான பக்கவாதம். சிகிச்சையும் பயிற்சியுமாக எழுந்து நடமாடிவிட்டார். டாக்டர் கையையும் காலையும் சோதித்து, இனி வண்டி ஓட்டலாம் என்றும் சொல்லிவிட்டார். ஆனால் வண்டியை வெளியே எடுத்த முதல் நாளே ஐம்பதில் அது குலுங்கியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல.

"வண்டி ஜெர்க் அடிக்குது" என்றார் மாமா.

"ஜெர்க் அடிக்கிறது வண்டி இல்ல, உங்க கால்" என்றாள் அக்கா.

வீட்டில் இதே பேச்சாக இருந்தது. கடைசியில் மாமாவே ஒரு முடிவு கட்டினார். "மச்சான் பாக்கட்டும். கால்தான்னு அவன் சொல்லிட்டா சாவிய உன் கையில குடுத்துடறேன். அப்புறம் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்."

மறுநாள் காலை, மாமா வண்டியோடு வருவதற்கு முன்னாலேயே அக்கா ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

"டேய், கால்தான்னு சொல்லிடு."

"நான் இன்னும் பாக்கவே இல்லையேக்கா."

"பாரு. பாத்துட்டு, என்னவா இருந்தாலும் கால்தான்னு சொல்லு."

"டாக்டரே ஓட்டலாம்னு சொல்லியிருக்காரே..."

"டாக்டர் அவர பத்து நிமிஷம் பாத்தாரு. அன்னிக்கு வாய் கோணித் தரையில கெடந்தவர வாரி எடுத்தது நான். அதே மாதிரி ரோட்டுல ஆச்சுன்னா யாருடா வாரி எடுப்பா?" அவள் குரல் உடைந்தது. "இத்தன வருஷத்துல உங்கிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அதுதான் அவனைக் கட்டிப்போட்டது. சரியென்றும் சொல்லாமல் மாட்டேனென்றும் சொல்லாமல் ஸ்பானரை எடுத்துத் துடைத்துக்கொண்டே நின்றான்.

வண்டி வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். புதுசு மாதிரி இருந்தது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றிப் பார்த்தான். பெட்ரோல் ஃபில்டரையும் காற்று ஃபில்டரையும் புதிதாகப் போட்டான். பிறகு தனியாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினான். குலுங்கவே இல்லை. மாமாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஐம்பதைத் தொட்டதும் குலுங்கியது. இடம் மாறி அவன் ஓட்டினான்; வெண்ணெய் மாதிரி போனது. மாமா ஓட்டினார், மறுபடி குலுங்கியது.

மாமாவின் முகத்தில் ரத்தமில்லை. "காலா மச்சான்?" என்றார் மெதுவாக.

கால்தான் என்று அவனுக்கே தோன்றிவிட்டது. பொய் சொல்ல வேண்டியதில்லை, அக்கா மனமும் குளிரும். அப்பாடா என்றிருந்தது. இருந்த மறுகணமே தன்மேல் எரிச்சல் வந்தது. ஒரு மனுஷனுடைய கால் போய்விட்டது என்பதில் என்ன அப்பாடா?

"இன்னும் ஒரே ஒரு தடவ ஓட்டுங்க மாமா" என்று சொல்லி சீட் பெல்ட்டைக் கழற்றினான். கியர் கம்பிக்கு மேலே உடம்பை மடித்துக் குனிந்து, ஆக்சிலேட்டர்மேல் இருந்த அவருடைய வலது கணுக்காலைப் பிடித்தான்.

"என்ன பண்றே நீ?"

"உங்க காலப் புடிச்சுக் கெஞ்சறேன்னு வச்சுக்குங்க. நீங்க ரோட்ட மட்டும் பாருங்க. அம்பதுல நிறுத்துங்க."

மாமா சிரிக்கவில்லை. எதிரே வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. அவனுக்குச் சாலை தெரியவில்லை. பெடலும் செருப்பும்தான் தெரிந்தன. அவன் கணக்கு எளிமையானது. முதலில் கால் துடித்து அப்புறம் வண்டி குலுங்கினால், கோளாறு காலில். முதலில் வண்டி குலுங்கி அப்புறம் கால் ஆடினால், வண்டியில். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

வண்டி குலுங்கியது. அவன் விரல்களுக்கு அடியில் அந்தக் கால் நட்ட கல்லாக நின்றது. மறுபடி குலுங்கியது, அவன் தலை டேஷ்போர்டில் இடித்தது. கால் அப்போதும் அசையவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தபோது அவனுக்கு வியர்த்து ஊற்றியிருந்தது.

"சொல்லு" என்றார் மாமா.

"ஷெட்டுக்குப் போங்க, சொல்றேன்."

அக்கா அங்கேயே, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தம்பி முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் பானெட்டைத் திறந்தான். ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று என்ஜினுக்குச் சொல்லும் சின்ன சென்சார் ஒன்று உண்டு. அதில் மீட்டரின் ஒயர்களை மாட்டி, மாமாவை மெல்ல மிதிக்கச் சொன்னான். மீட்டரின் முள் சீராக ஏறியது. ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் பொத்தென்று விழுந்து, மறுபடி எழுந்து ஏறியது. இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னான். அதே இடத்தில் விழுந்தது.

இப்போதும் பொய் சொல்லலாம். முள்ளைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே மாமா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பற்றியிருந்தார். இப்போதெல்லாம் டீ கிளாஸைக்கூட அவர் இரண்டு கையால் பிடிப்பதை அவன் கவனித்திருந்தான். சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பதையும் கவனித்திருந்தான். கால்தான் என்று சொல்லிவிட்டால் அவர் இழப்பது சாவியோடு நிற்குமா?

"வண்டிதான் மாமா" என்றான். "கால்ல ஒண்ணுமில்ல."

மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இந்த சென்சாருக்குள்ள ஒரு தடம் இருக்கு. நம்ம கால் போற போக்குல அதுவும் தேயும். என் கால் மேலயும் கீழயும் குதிக்கிற கால், அம்பதுல ஒரு நொடி நின்னதில்ல. அதான் எனக்குத் தெரியல. உங்க கால் வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்னு அந்த இடத்த மட்டும் தேச்சிருச்சு. மூணு மாசம் வண்டி சும்மா கெடந்ததுல அங்க தூசி வேற. கால் ஆடியிருந்தா இப்படித் தேயாது; இப்பவும் ஆடாம அங்கயே நிக்கறதாலதான் வண்டி குலுங்குது மாமா."

மாமா கதவைத் திறந்து இறங்கி, அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். விழுந்த அன்றுகூட அவர் அழுததில்லை.

அக்கா அழவில்லை. தம்பி பக்கத்தில் வந்து, அவருக்குக் கேட்காதபடி, "எனக்காக ஒரு பொய் உன் வாயில வரல, இல்ல?" என்றாள்.

"அக்கா..."

"போதும்."

மதியத்துக்குள் புது சென்சார் வந்தது. மாட்டினான். நாளைக்கு என்று சொல்லவில்லை. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். "மெயின் ரோடு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. என்ஜினைக் கிளப்பியபோது எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து அக்கா உள்ளே உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?" என்றார் மாமா.

"எதுவா இருந்தாலும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்."

கண்ணாடியை இறக்கித் தம்பியைப் பார்த்தாள். காலையிலிருந்த கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"இவர் வண்டி எடுத்தா, வர்றவரைக்கும் ஒரு வேலையும் ஓடாம வாசல்ல நிக்கிறது நான். இன்னிக்கு நீ நில்லு."

வண்டி குலுங்காமல் நகர்ந்து, முனை திரும்பி மறைந்தது. ஷெட்டில் இன்னும் மூன்று வண்டிகள் காத்திருந்தன. அவன் எதையும் தொடவில்லை. முனையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசலில் நின்றான்.