விலை சொல்லாத நேர்த்தி

போன சனிக்கிழமை பின்னேரம் மானிப்பாயில், அக்கா வீட்டில் ஒரு படம் பார்த்தோம். கேட்டதையெல்லாம் கொடுக்கிற ஒரு கண்ணாடி. பதிலுக்குக் கேட்டவர் வீட்டில் ஓர் உயிரை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல கரு! கதாநாயகனான மடையன் அதனிடம் கார் கேட்டான். பிறகு ஒரு மணி நேரம் அந்தக் காரில் துரத்தல். முடிவில் எல்லாம் கனவாம்.

“உந்தப் படம் எடுத்தவங்களுக்கு ஆசைப்படவும் தெரியேல்லை, பயப்படுத்தவும் தெரியேல்லை,” என்று கத்தினேன்.

அக்கா சிரிக்கவில்லை. அணைத்துவிட்ட டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வருசம் நீ ஆசுப்பத்திரியில நினைவில்லாமல் கிடக்கேக்க நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சனான்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைப்பவர்கள் காவடியோ பொங்கலோ, கொடுக்கப்போவதை முதலே சொல்லிவிடுவார்கள்.

“என்ன தாறதெண்டு சொன்னனீங்கள்?”

“அந்தப் பதகளிப்பில ஒண்டும் வாயில வரேல்லை. தம்பியைத் தா, நீ விரும்பினதை எடு எண்டு சொல்லிப்போட்டன். இன்னும் ஒண்டும் எடுக்கேல்லை.”

விசர்க்கதை என்று ஏச வாயெடுத்தவன் மணிக்கூட்டைப் பார்த்தேன். ரியூசனுக்குப் போன அக்காவின் ஒரே மகள் ஐந்து மணிக்கே வந்திருக்க வேண்டும். இப்போது ஐந்தே முக்கால். அவளுக்குப் போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“சந்திவரை போய்ப் பாத்துக்கொண்டு வாறன்,” என்று சைக்கிளை எடுத்தேன். அக்கா ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்தார்.

“வேண்டாம். நீயும் போகாதை.”