யூதாஸ் சிரிக்க வைத்த சாயங்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு நாடகம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நின்றுபோகப் பார்த்தது. காரணம், என் மனைவி வசந்தி. அவள் மட்டுமல்ல, அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும்தான். ஆனால் ஆரம்பித்து வைத்தவள் அவள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

லூர்துசாமி அண்ணன் சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். நாங்கள் நாமக்கல்லுக்குக் குடிமாறி வருவதற்கு முன்பு அவருக்கு அடுத்த வீடு எங்களுடையது. ஒல்லியான தேகம், குழி விழுந்த கன்னம், ஆளைத் துளைக்கிற கண்கள். இந்த முகவெட்டுக்காகவே அவருடைய பங்குக் கோயிலில் வருஷா வருஷம் ஒரே வேஷம் கொடுத்தார்கள். தவக்காலத்தில் அங்கே பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம். அதில் அண்ணன் யூதாஸ். ஆண்டவரைக் காட்டிக் கொடுத்தவன்!

எப்படி நடிப்பார் தெரியுமா? முத்தமிடப் போகும் முன் ஒரு நொடி அப்படியே நிற்பார். மைதானமே மூச்சை அடக்கிக்கொள்ளும். அப்புறம் சாபம் கொட்டும்... நாலாபக்கமிருந்தும்.

நடிப்பு நன்றாக இருந்தால் என்ன ஆகும்? பெயர் ஒட்டிக்கொள்ளும். தெருவில் அவர் யூதாஸ். டீக்கடையில் யூதாஸ். மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மா, "அந்தக் கையால மீனைத் தொடாதீங்க" என்று பாதி விளையாட்டாகச் சொன்னாராம். பாதி விளையாட்டு என்றால், மீதிப் பாதி?

அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா பாஸ்கா பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தன் புருஷனைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு எத்தனை வருஷம்தான் உட்கார்ந்திருப்பது?

ஒருமுறை நானும் அண்ணனும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று சொன்னார்.

"தம்பி, ஒரே ஒரு தடவை... என்னையப் பாத்து சனங்க சிரிக்கோணும். சிரிச்சுக்கிட்டே ஊட்டுக்குப் போவோணும். அது போதுமுங்க."

நான் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பங்கின் பாடகர் குழுத் தலைவி ஜெசிந்தா டீச்சர் ஒரு காரியம் செய்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், கோயிலில் கீபோர்டு வாசிப்பவர். நம் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு காமெடிப் படத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பாட்டு நாடகமாக எழுதிவிட்டார். படம் எடுத்தவர்களிடம் முறையாக அனுமதியும் வாங்கிவிட்டார். படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் பத்தியை மூடி வைத்துவிட்டு வசனம் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

கதை மட்டும் சொல்கிறேன். ஒரு கல்யாணத் தரகர், மாப்பிள்ளை வீட்டார் மொத்தத்தையும் தப்பான மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். எந்தக் கல்யாணத்துக்கு வந்தீர்கள் என்று பெண்ணின் அப்பா கேட்பார். தரகர் சொல்லும் பதில் இருக்கிறதே... "பந்தி எங்க நடக்குதோ, அந்தக் கல்யாணத்துக்கு." எங்கள் பக்கம் பஸ்ஸில், கடையில், எழவு வீட்டில்கூட இந்த வசனம் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தரகர் வேஷத்துக்கு ஜெசிந்தா டீச்சர் சொன்ன பெயர், லூர்துசாமி. கமிட்டிக்காரர்கள் சிரித்தார்களாம். யூதாஸ் காமெடி பண்ணினால் யார் சிரிப்பது என்று கேட்டார்களாம். ஒரு கூட்டத்தையே மூச்சடக்க வைக்கத் தெரிந்த ஆளுக்கு, எப்போது விட வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். விட்டுக்கொடுக்கவே இல்லை.

வசந்திக்குச் சொந்த ஊர் எருமப்பட்டி. கல்யாணமான புதிதில் நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் படமே அந்தக் காமெடிப் படம்தான். டிவியில் எப்போது போட்டாலும், அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். நாடகம் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க, நல்லா இருக்கற படத்தைப் போயி எதுக்குங்க பாட்டாப் பாடிக் கெடுக்கறாங்க?"

இருந்தாலும் வந்தாள். லூர்து அண்ணனுக்காக.

கோயிலை ஒட்டிய மண்டபம் அது. உட்கார இடமில்லாமல் ஜன்னலோரமெல்லாம் ஆட்கள். முன் வரிசையில் ஸ்டெல்லா அக்கா இருந்தார். முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மகளும் சம்பந்தி வீட்டாரும் பக்கத்தில். நான் வணக்கம் சொன்னதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

திரை விலகியது. முதல் பாட்டே அமர்க்களம். மேடையில் வரிசையாக நின்ற பாடகர் குழு, கோயிலில் அல்லேலூயா பாடும் அதே பக்தியோடு, நாலு குரலில், "ரசம்... ரசம்... ரசம் வந்ததா?" என்று பாடியது. ஆண்கள் அடித்தொண்டையில் "சாம்பாரே முடியலையே" என்று பதில் சொன்னார்கள். வசந்தியின் உதட்டோரம் லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

பிறகு தரகர் வந்தார். ஜரிகைத் துண்டு, கக்கத்தில் குடை, நெற்றியில் பெரிய பொட்டு. யாரோ பின்னாலிருந்து "யூதாஸ் வந்துட்டான்" என்றார்கள். அங்கங்கே சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை அது. ஸ்டெல்லா அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்ணின் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். எந்தக் கல்யாணத்துக்கு வந்தீங்க?

அண்ணன் வாயைத் திறந்தார். ஒரு நொடி நிறுத்தினார். அவ்வளவுதான்... என் பக்கத்திலிருந்து வசந்தியின் குரல் கணீரென்று கிளம்பியது. "பந்தி எங்க நடக்குதோ—" மீதியை மண்டபமே சேர்ந்து முடித்துவிட்டது. கைதட்டல் வேறு, அவர்களுக்கு அவர்களே தட்டிக்கொண்டார்கள்.

மேடையில் அண்ணன் திறந்த வாயோடு நின்றார்.

அவர் சொல்ல வேண்டிய வசனத்தைச் சொல்லியாகிவிட்டது. அவரைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மறுபடி அதையே சொன்னால் பிசுபிசுத்துப் போகும். சொல்லாவிட்டால் பாட்டு தொடங்காது. ஜெசிந்தா டீச்சரின் கை கீபோர்டின் மேல் அந்தரத்தில் நின்றது. கைதட்டல் ஓய்ந்தது. யாரோ செருமினார்கள். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

அண்ணன் அவசரப்படவில்லை. வாயை மெதுவாக மூடினார். மேடை ஓரத்துக்கு வந்தார். யூதாஸாக நின்று எங்களை மூச்சடக்க வைத்த அதே கண்களால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை. அப்புறம், ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"ஏனுங்க... அத்தனை பேரும் சொல்லியாச்சுங்களா? அப்ப நான் ஊட்டுக்குப் போயிரட்டுங்களா?"

கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நிஜமாகவே நடையைக் கட்டினார்.

மண்டபம் வெடித்தது. பெண்ணின் அப்பாவாக நடித்தவர் பதறிப்போய் ஓடிவந்து துண்டைப் பிடித்து இழுக்க, துண்டு கையோடு வந்துவிட, இரண்டு பேரும் அதற்காக மல்லுக்கட்ட... டீச்சர் சரியாக அந்த இடத்தில் பாட்டைத் தூக்கிவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணாடி மடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் அப்படியே குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. எந்த வசனத்தை நாங்கள் முந்திக்கொண்டு சொல்வோம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அந்த இடம் வந்ததும் காதில் கை வைத்துக் காத்திருப்பார். நாங்கள் சொல்லி முடித்ததும், சுமாராகத்தான் சொன்னீர்கள் என்பதுபோல் உதட்டைப் பிதுக்குவார். டீச்சர் எங்கள் பக்கம் திரும்பிக் கையசைத்து எங்களையும் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். நாற்காலியில் இருந்த கூட்டம் முழுக்கப் பாடியது. சுருதியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கடைசியில் ஒரு பாட்டு. படத்தில் இல்லாதது. டீச்சரே எழுதியது. கல்யாணம் முடிந்து எல்லோரும் போய்விடுகிறார்கள். தரகர் மட்டும் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் சோடி சேத்தேன்,
உக்கார ஒரு பாயில்லே...
பந்தி நூறு பாத்துப்புட்டேன்,
பரிமாற ஆளில்லே..."

இந்த வரிகள் யாருக்கும் தெரியாது. யாராலும் முந்திக்கொள்ள முடியாது. அண்ணனின் குரல் பெரிய குரலில்லை. ஆனால் மண்டபத்தில் ஒரு நாற்காலி அசையவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த நேரம் பார்த்து, உள்ளேயிருந்து ஒரு குரல் பாயசம் மிச்சமிருக்கிறது என்றது. அண்ணன் துள்ளி எழுந்தார்.

"அட, அதை மொதல்ல சொல்றதில்லீங்களா? சோகத்தை அப்பறம் பாடிக்கலாமுங்க."

திரை விழுந்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். முன் வரிசையில் ஸ்டெல்லா அக்கா மட்டும் எழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம், "எங்க சம்பந்திங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் வசந்தி நேராக மேடைக்குப் பின்னால் போனாள். முதலில் கத்தியது தான்தான் என்று ஒத்துக்கொண்டாள். அண்ணன் பொட்டை அழித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கத்துனதுனால தப்பிச்சேன் அம்மிணி. இல்லீன்னா படத்துல இருக்கறதையே ஒப்பிச்சுட்டு எறங்கியிருப்பேன். படத்தைப் பாக்கறதுக்கு டிவி இருக்குதுங்களே."

வெண்ணந்தூரிலிருந்து வந்திருந்தவர்கள் தங்கள் ஊரிலும் போட வேண்டும் என்று டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். கெங்கவல்லிக்காரர் ஒருவர் மண்டபமே பார்த்துவிட்டதாகச் சொன்னார். பங்குச்சாமியாருக்கு மட்டும் புதுக் கவலை. வருகிற தவக்காலத்தில் இவர் யூதாஸாக வந்து நின்றால் சனம் சிரித்துவிடுமே... வேறு ஆள் தேட வேண்டும் என்றார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நமக்குப் பிடித்த ஒன்றை யாராவது புதிதாகச் செய்தால், கெடுத்துவிடுவார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. மனிதர்களையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஒருமுறை பார்த்த வேஷத்திலேயே அவர்கள் ஆயுசு முழுக்க இருக்க வேண்டும். மாற்றிக்கொண்டு வந்தால் நம்புவதற்கு நமக்கு ஒரு மண்டபமும் ஒரு பாடகர் குழுவும் தேவைப்படுகின்றன.

அப்படி யாராவது உங்கள் கண்ணெதிரே வேஷம் மாற்றி ஜெயித்தால், தயவுசெய்து கஞ்சத்தனம் இல்லாமல் கைதட்டுங்கள். நான் தட்டிய தட்டில் உள்ளங்கை இரண்டும் வீங்கி, இந்தப் பத்தி முழுவதையும் ஒற்றை விரலால்தான் டைப் அடித்திருக்கிறேன்.